வில்லுக்கு ஒரு முள் போதும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைத் தாங்கிக்கொண்டவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மற்றவர்கள் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் 1996 பிளஸ் டூ செட் மாணவர் ஒருவர் மெசெஞ்சரில் கேட்டிருந்தார். இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறார். "சார், ஆபீஸ் நண்பர்களோட சேர்ந்து நானும் வில் வேட்டை பழகறேன். மரத்துமேல பரண் போட்டு உட்கார்ந்து மான் அடிக்கிறது. வில்லுக்கு எந்த சைட் வாங்கறதுன்னே புரியல. கடைக்காரர் ஒண்ணு சொல்றார், வீடியோல ஒண்ணு சொல்றாங்க. உங்க மாப்பிள்ளை வில்லோட நிக்கிற போட்டோ பார்த்தேன். அவர் எது வெச்சிருக்கார்?"

மெசெஞ்சரில் இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அது எப்படி வந்தது என்பதையும் சொன்னால்தான் கருத்துக்கு மதிப்பு. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. "வாத்தியார் வேட்டையைப் பற்றி எழுதுகிறாரே" என்று முகம் சுளிக்க வேண்டாம். நான் வேட்டைக்காரன் இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கட்டும். என் மகள் குடும்பம் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே வெள்ளைவால் மான் ஏராளம். சாலையில் மான் மீது வண்டி மோதும் விபத்துகளே சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000-க்கு மேல். அரசே உரிமம் கொடுத்து, பருவம் குறித்து வேட்டையை நடத்துகிறது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரையும், பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரையும் வில்லுக்கு. நடுவில் பதினாறு நாள் துப்பாக்கிக்கு. அடித்த மானின் கறியை வீட்டில் சாப்பிடுகிறார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கிறவன்தான். அந்த ஆட்டுக்கும் உயிர் இருந்தது. ஆகவே வேட்டை சரியா தப்பா என்ற விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அடிப்பது என்று ஆகிவிட்டால் அந்த உயிர் துடிக்காமல் போக வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது.

போன அக்டோபரில் நான் அங்கே இருந்தேன். ஒரு நாள் மாலை மாப்பிள்ளை இருட்டிய பிறகு வந்தார். முகமே சரியில்லை. "மாமா, அடிச்சேன். ஆனா சரியா படல" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து, அந்தத் தோட்டத்துக்காரரான அவருடைய சக ஊழியரும் அவரும் டார்ச்சோடு போனார்கள். அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது, அது பயத்தில் இன்னும் தூரம் ஓடிவிடும், காத்திருந்துதான் இரத்தத் தடம் பார்த்துப் போக வேண்டும் என்பார்கள். இலைகளின் மேல் துளித் துளியாக இருந்த தடம், ஓர் ஓடைக்கரையில் நின்றுபோனது. விடிந்ததும் திரும்பப் போய் மத்தியானம் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மெதுவாகக் கேட்டேன், "என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"சைட்ல அஞ்சு பின் இருக்கு மாமா. இருபது கெஜத்துல மான் நின்னுது. வெளிச்சம் கம்மி, கை நடுங்குது. எந்தப் பின்னை வெச்சு விட்டேன்னே தெரியல. நாப்பதோடதா இருக்கும்னு நினைக்கிறேன்."

வில்லைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். இவர்கள் பிடிப்பது கோயில் சிற்பத்தில் இருக்கும் வில் அல்ல. இரண்டு முனையிலும் உருளை வைத்த காம்பவுண்ட் வில். ஹோலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969-இல் பெற்ற கண்டுபிடிப்பு. நாணை முழுக்க இழுத்த பிறகு பளு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் இழுத்தபடியே நின்று குறி பார்க்க அவகாசம் கிடைக்கும். குறி பார்க்க வில்லின் கைப்பிடிக்கு மேலே ஒரு வளையம், அதற்குள் நுனியில் ஒளிரும் மெல்லிய கம்பிகள். இதுதான் சைட். கம்பிகளை பின் என்கிறார்கள். கடிகார முள் மாதிரி இருப்பதால் நான் முள் என்றே எழுதுகிறேன். மேல் முள் 20 கெஜத்துக்கு, அடுத்தது 30-க்கு, அடுத்தது 40-க்கு என்று வரிசையாக அமைத்துக்கொள்வார்கள். நாணில் கட்டிய சிறு துளை வழியாகப் பார்த்து, தூரத்துக்கு ஏற்ற முள்ளை மானின் நெஞ்சில் வைத்து விட வேண்டும். ஒரு கெஜம் மூன்று அடி என்பது நினைவிருக்கும்.

அந்த வாரமே மாப்பிள்ளை புது சைட் தேட ஆரம்பித்துவிட்டார். தூரத்தைத் தானே அளந்து, தானே புள்ளி காட்டும் மின்னணு சைட். விலை பல நூறு டாலர். "மரத்துமேல இருந்து கீழே சாய்வா அடிக்கணும் மாமா. கோணத்தால தூரம் தப்பாயிடுது. அதுக்குத்தான் இது" என்றார்.

கோணம் என்று சொன்னால் நான் சும்மா இருப்பேனா? பேத்தியின் நோட்டை வாங்கி உட்கார்ந்தேன்.

பரணில் நிற்பவர் கையிலுள்ள வில்லுக்கும் மானின் நெஞ்சுக்கும் உயர வித்தியாசம் 20 அடி என்று வைத்துக்கொள்வோம். மரத்தடியிலிருந்து மான் 60 அடியில், அதாவது 20 கெஜத்தில் நிற்கிறது. பிதாகரஸ். சாய்வுத் தூரம் 63 அடி சொச்சம், 21 கெஜம். வித்தியாசம் ஒரே ஒரு கெஜம். மான் மிக அருகில், 15 அடியில் வந்தால்? மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம்! கிடைத்தூரம் 15, உயரம் 20, சாய்வு 25 அடி. ஐந்து கெஜம் எங்கே, எட்டேகால் கெஜம் எங்கே என்று தோன்றும். ஆனால் அந்தக் கிட்டத்தில் அம்பு விழவே நேரமில்லை. இரண்டு இடத்திலும் கோணத்தால் வரும் பிழை ஓர் அங்குலம்கூட வரவில்லை. செங்குத்தான மலையில் 60 கெஜம் அடிப்பவருக்கு கோணம் பெரிய விஷயம். பரணில் உட்கார்ந்து 20 கெஜம் அடிப்பவருக்கு அது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பயம்.

அடுத்து புவியீர்ப்பு. மாப்பிள்ளையின் அம்பு விநாடிக்கு 280 அடி போகிறது. 20 கெஜம் போக ஐந்தில் ஒரு விநாடிக்குச் சற்று மேல். அதற்குள் 9 அங்குலம் விழுகிறது. 30 கெஜத்தில் 20 அங்குலம். 40 கெஜத்தில் 35 அங்குலத்துக்கு மேல். தூரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்கு.  காற்றுத் தடையை விட்டுவிட்டேன், சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த வீழ்ச்சியைச் சரிக்கட்டத்தான் அம்பு சற்று மேல்நோக்கிக் கிளம்பும்படி முள்ளை அமைக்கிறோம். ஒரே ஒரு முள்ளை 20 கெஜத்துக்குச் சரியாக வைத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கண்பார்வைக் கோடு அம்புக்கு ஐந்து அங்குலம் மேலே இருப்பதாகக் கணக்கு. 10 கெஜத்தில் பிழை அரை அங்குலத்துக்குள். 15-இலும் அப்படியே. 25 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் கீழே. 30 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்கு மேல் கீழே. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை எட்டு அங்குல வட்டம் என்று கொள்வது வழக்கம், ஒரு டிபன் தட்டு அளவு. நடுவில் குறிவைத்தால் நான்கு அங்குலம்தான் இடம்.

அதாவது 10 முதல் 25 கெஜம் வரை எங்கே நின்றாலும் அதே முள்ளை நெஞ்சின் நடுவில் வைத்தால் போதும். மேலே கீழே யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் 40 கெஜ முள்ளை 20 கெஜ மானுக்கு வைத்தால்? ஆறு அங்குலத்துக்கு மேல் உயரே போகும். தட்டுக்கு வெளியே. அன்றைக்கு நடந்தது அதுதான்.

நோட்டைப் பார்த்த மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. கோணம் அவரைக் கெடுக்கவில்லை. நாலு முள் கூடுதலாக இருந்ததுதான் கெடுத்தது.

இனி விஸ்கான்சின் தம்பி, உனக்குச் சொல்கிறேன். கடையில் நான்கு வகை காட்டுவார்கள்.

ஒன்று, மூன்று அல்லது ஐந்து முள் வைத்த நிலையான சைட். உறுதியானது, விலை குறைவு, கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆனால் முள் கூடக்கூட குழப்பமும் கூடும், வளையமும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு, ஒரே முள் வைத்து, திருகு சக்கரத்தால் தூரத்துக்கு ஏற்ப நகர்த்தும் சைட். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் மான் 20-இல் இருந்து 30-க்கு நகர்ந்தால் நீயும் கையை நகர்த்தித் திருக வேண்டும். உன் கை அசைவதை மான் பார்த்துவிடும். போன தடவை 35-இல் வைத்ததைத் திருப்பி வைக்க மறந்தால் கதை முடிந்தது. வைத்திருந்தால் 20-இல் நிறுத்திவிட்டு சக்கரத்தை மறந்துவிடு.

மூன்று, ஊசல் சைட். இதைக் கேட்டதும் என் மனது துள்ளியது. பரண் வேட்டைக்கென்றே செய்தது. வில்லைக் கீழே சாய்க்கச் சாய்க்க முள் ஊசல் மாதிரி தானே ஆடி இடம் மாறும். பரணின் உயரம் மாறாது, அதனால் இறக்கக்கோணம் தெரிந்தால் தூரம் தெரியும். பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து படகைப் பார்த்தோமே, அதே கணக்கு! அழகான யோசனை. ஆனால் அம்பு மெதுவாகப் போன காலத்தில் அதற்கு இருந்த தேவை இப்போது இல்லை. பரண் உயரம் மாறினால் திரும்பச் சரிசெய்ய வேண்டும். தரையில் நின்று அடிக்க உதவாது. ஆடும் உறுப்பு என்றால் ஒரு நாள் சத்தம் போடும் அல்லது சிக்கும். இயற்பியல் ஆய்வகத்தில் வைக்கலாம், காட்டுக்கு வேண்டாம்.

நான்கு, மின்னணு சைட். தூரம் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்தும், உண்மை. பாட்டரி நம்பிய வாழ்க்கை, குளிர் வேறு. வில்லில் மின்னணுக் கருவி பொருத்துவதை அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு, உங்கள் ஊர் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 47 கெஜம் என்று கருவி புள்ளி காட்டினால் கை விடத் துடிக்கும். அந்தப் புள்ளி 47-ஐச் சரியாகச் சொல்லும். ஆனால் உன் கை 47-க்குத் தேறியதா என்று அதற்குத் தெரியாது. அம்பு போய்ச் சேரும் அரை விநாடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது.

என் தீர்ப்பு: பரணுக்கு, நிலையான ஒரே முள். 20 கெஜத்துக்கு. 25-க்கு மேல் விடுவதில்லை என்ற சத்தியத்தோடு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. நாண் துளை வழியாகப் பார்த்தால் சைட்டின் வளையம் துளைக்குள் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். வில் இடம் வலம் சாயாமல் இருக்கிறதா என்று காட்டும் குமிழி மட்டம் கட்டாயம் வேண்டும். மரத்தின் மேல் எதுவும் சமதளமாகத் தெரியாது, கண் ஏமாற்றும். திருகுகள் இறுகினால் இறுகியபடி நிற்க வேண்டும். தட்டிப் பார், கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிடு.

முள் நுனியில் ஒளியிழை இருக்கும், சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கி ஒளிரும். கூடவே சின்ன பாட்டரி விளக்கு வைத்தும் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மிச்சிகனில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை அடிக்கலாம். அந்தக் கடைசி நிமிடங்களில் விளக்கு போட்டால் முள் பளிச்சென்று தெரியும். மான் தெரியாது. முள் மங்கினால் இன்றைய பாடம் முடிந்தது, மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். இறங்கி வந்துவிடு.

தூரத்துக்கு இன்னொரு எளிய வழி. பரணில் ஏறியதும், மான் வருவதற்கு முன்பே, உன் கண் உயரத்திலேயே சுற்றியுள்ள மரங்களின் தண்டுக்குத் தூரம் அளந்துகொள். அது நேரடியாகக் கிடைத்தூரம். கோணக் கணக்கே வேண்டாம். எந்த மரம் 25 கெஜமோ அதுதான் உன் வேலி.

சைட் எதுவானாலும் ஒன்று முக்கியம். கீழே குறிவைக்கும்போது கையை மட்டும் தாழ்த்தாதே. இடுப்பை வளைத்துச் சாய். கையை மட்டும் இறக்கினால் கண், நாண் துளை, முள் மூன்றும் தரையில் பழகிய நேர்கோட்டில் நிற்காது. முற்றத்தில் நின்று நூறு அம்பு விட்டுவிட்டுப் பரணில் ஏறி முதல் அம்பை உயிர் மேல் விடுவது நியாயமில்லை. அதே உயரத்தில் இருந்து, பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு, பொம்மை இலக்கில் பழகு.

மான் மரத்தடிக்கே வந்துவிட்டால் சந்தோஷப்படாதே. செங்குத்தாக மேலிருந்து பார்க்கும்போது தட்டு குறுகிப்போகிறது, அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டுப் போகக்கூடும். பத்துப் பன்னிரண்டு கெஜம் தள்ளிப்போய்ப் பக்கவாட்டில் நிற்கும் வரை பொறு.

இதற்கு மறுப்பும் உண்டு. மாப்பிள்ளையின் நண்பரே சொன்னார், "திறந்த வெளியில் 30, 40 கெஜத்தில் அடிப்பவருக்கு மூன்று முள் தேவைப்படாதா?" தேவைதான். ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்து, எந்த முள் எதற்கு என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவருக்கு நான் பாடம் எடுக்கவில்லை. வருடத்தில் ஆறேழு வாரம், வேலை முடிந்த மாலைகளில், இலை அடர்ந்த காட்டில் உட்காரும் நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். அங்கே 25 கெஜத்துக்கு மேல் கிளை மறைக்காத இடமே குறைவு. மூன்று முள் வைத்தால் 40 கெஜ மானும் "அடிக்கலாமோ" என்று தோன்றும். ஒரு முள் வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

கடைசியில் மாப்பிள்ளை என்ன வாங்கினார் என்று கேட்பாய். ஒன்றும் வாங்கவில்லை. பழைய சைட்டிலேயே அலன் கீ போட்டு நாலு முள்ளைக் கழற்றிவிட்டார். மேலே இருந்ததை மட்டும் விட்டு வைத்தார். மிச்சமான பணத்தில் முழு உடல் பாதுகாப்புப் பட்டையும், தரையில் இருந்து பரண் வரை மாட்டிக்கொண்டே ஏறும் கயிறும் வாங்கச் சொன்னேன். பரணில் இருந்து விழுவதுதான் இந்த வேட்டையில் பெரிய ஆபத்து. மான் போனால் இன்னொரு மான் வரும். தம்பி, நீயும் சைட் வாங்கும் முன் அதை வாங்கு. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதே, மேலே போய்க் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொள்.

நவம்பர் முதல் பாதியில் அவர் ஆறு முறை போனார். ஐந்து முறை வெறுங்கையோடு வந்தார். அதில் ஒரு நாள், நல்ல கொம்புள்ள ஆண் மான் வெகு நேரம் எதிரே நின்றதாம், வேலி மரத்துக்கு அப்பால். "முன்னாடி மாதிரி அஞ்சு முள் இருந்திருந்தா விட்டிருப்பேன் மாமா" என்றார். ஆறாவது முறை ஒரு பெண் மான், 18 கெஜம். கண் பார்வையிலேயே விழுந்தது. அன்று ராத்திரி என் மகள் சாப்பாடு எடுத்து வைத்தபோது "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த ஓடைக்கரை மானை மட்டும் யாரும் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம்.

என் கணக்கில் பிழை இருந்தால் கமெண்டில் சுட்டிக்காட்டுங்கள். சரியாகக் கண்டுபிடிப்பவருக்கு அரை மதிப்பெண் கூடுதல். உங்கள் வில்லின் வேகம் 280 இல்லை என்றால் எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள், சூத்திரம் அதேதான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், பரணில் ஏறும் முன் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்